முப்பத்தேழாயிரம் அடியில் எது நிற்கும்?

17.2.2025, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். மொழிபெயர்ப்பு நோட்டை மாமாவின் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடியின் மேல் வைத்துவிட்டு அப்படியே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. போன் செய்தேன். இங்கேதான் கிடக்கிறது, நாளைக்கு வாங்கிக்கொள் என்று மாமா சொன்னார். ஆகவே பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் ஜெயசித்ரா மிஸ். பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் அவர் மாலை நேர மொழிபெயர்ப்பு வகுப்பு நடத்துகிறார். திங்கள், புதன் ஐந்தரை மணிக்கு; சனிக்கிழமை மட்டும் நாலு மணிக்கு. தமிழ் ஒழுங்காக வர வேண்டுமென்றால் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும், அன்று செய்த ஒரு தவறோடு தொடங்க வேண்டும், தவறே செய்யாத நாளில் எழுத வேண்டியதில்லை என்பது அவர் விதி. சேர்ந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் ஒரு நாள்கூட விடுமுறை கிடைக்கவில்லை.

நான் பகலில் பெரம்பலூரில் ஒரு மக்காச்சோள விதை ஆபீஸில் மூட்டைக்கு ஒட்டும் லேபிள் அச்சிடுகிறேன். வீடு அரியலூரில். வகுப்பு முடிந்ததும் ஏழு பத்து பஸ்ஸில் திரும்புவேன். அதை ஓட்டுவது என் அம்மாவின் அண்ணன், தர்மன் மாமா. இருபத்தாறு வருஷமாக இதே பெரம்பலூர்–குன்னம்–அரியலூர் ரூட். ஒரு சின்னக் கீறல் கூட இல்லை என்று ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சொல்வார்.

நோட்டில் இருந்தது இந்த வார வீட்டுப்பாடம். ஏதாவது ஓர் ஆங்கிலப் பக்கத்தை எடுத்துத் தமிழாக்க வேண்டும். நான் விமானத்தைப் பற்றி ஒரு பக்கம் எடுத்தேன். அக்கா பானுப்ரியாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிரேம்குமாருக்குக் குன்னம் பக்கம். பயணிகள் விமானத்தில் துணை விமானி. வீட்டில் பார்த்த வரன்தான் என்றாலும், நாலு மாதமாக இருவரும் போனில் பேசிப் பேசி அக்கா இப்போது சார்ஜர் இருக்கும் இடத்தில்தான் சாப்பிடுகிறாள். வேறொருவரைக் கட்டிக்கொள்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைத் தமிழில் எழுதி அவளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

பக்கத்தின் சாரம் இது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கை விமானத்தைத் தாங்க வேண்டுமானால் வேகம் அதிகம் வேண்டும். ஆகவே, இதற்குக் குறையாதே என்கிற எல்லை மேலே ஏறிக்கொண்டே போகிறது. மறுபக்கம், ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் போனால் இறக்கை மேல் காற்று கலைந்து விமானம் அதிரும். உயரத்தில் குளிர் அதிகம், குளிரில் ஒலியின் வேகமே குறைகிறது. ஆகவே, இதற்கு மிஞ்சாதே என்கிற எல்லை கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. படத்தில் இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் போய் முட்டுகின்றன. அந்த முனைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நான் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'சவப்பெட்டி மூலை' என்று எழுதினேன். எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

18.2.2025, செவ்வாய்

நேற்றைய தவறைச் சிறியது என்று எழுதியதே இன்றைய தவறு.

மாமா நோட்டைப் படித்துவிட்டார். அரியலூர் ஸ்டாண்டில் பதினைந்து நிமிஷம் வண்டி நிற்கும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் படித்திருக்கிறார். எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தவர் அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் அடிக்கோடிட்டிருந்த மூன்று வரிகளை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

"வேகம் கூடினால் அதிரும். வேகம் குறைந்தால் நின்றுவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்திற்குச் சவப்பெட்டி மூலை என்று பெயர்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

முதலில் பேசியது அம்மா. "எந்த மூலைண்ணே? கன்னி மூலையா, அக்கினி மூலையா?"

அப்படி ஒரு மூலை விமானத்துக்குள் இல்லை, அது படத்தில் வருகிற முனை என்று சொன்னேன். அம்மா கேட்கவில்லை. போன வருஷம் பாத்ரூம் கட்டியபோது மூலை பார்த்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டு விமானத்தைக் காட்டலாமா என்று கேட்டார். விமானம் திரும்பினால் மூலையும் சேர்ந்து திரும்பிவிடுமே, எதை நம்பிக் காட்டுவது என்று அப்பா சந்தேகம் கிளப்பினார். அந்தப் பாத்ரூமை இரண்டு முறை இடித்துக் கட்டிய அனுபவம் அவருக்கு.

மாமாவின் கவலை வேறு. எங்கள் பக்கம் யாரையும் பெட்டியில் வைத்துப் புதைப்பதில்லை. ஆகவே சவப்பெட்டி என்றதும் அவர் நினைவுக்கு வந்தது, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கும் வாடகை ஐஸ் பெட்டி. நான் வேறு அதே பக்கத்தில், முப்பத்தேழாயிரம் அடி உயரத்தில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்தாறு டிகிரி குளிர் என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

"பேரு சும்மா வைக்கல பச்ச," என்றார் அம்மாவிடம். அம்மாவின் பெயர் பச்சையம்மாள். "ரோட்டுல வண்டி நின்னா நான் ஓரங்கட்டுவேன். அந்தப் பையன் எங்க ஓரங்கட்டுவான்?"

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தள்ளி வையுங்கள் என்றார். எங்கள் வழக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண் வீட்டுப் பக்கம் தாய்மாமன் கைதான் தட்டை வாங்க வேண்டும். அவர் வராவிட்டால் நிச்சயம் இல்லை. மச்சான் சொன்னால் சரிதான் என்றார் அப்பா. அப்பா கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லி வரும் ஒரே வாக்கியம் அது.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "நீ தமிழ்ல ஃபெயிலாயிருந்தா எனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்."

19.2.2025, புதன்

இன்றைய தவறு: விளக்கப் போனது.

நோட்டை வகுப்பில் திருத்தக் கொடுத்துவிட்டேன். மிஸ்ஸிடம் வேறெதுவும் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை வகுப்பில் சொல்வது சரியா என்று தெரியவில்லை. ஆனால் மத்தியானமே ஆபீஸில் லேபிள் தாளின் பின்பக்கம் ஆறு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். ஏழு பத்து பஸ்ஸில் மாமாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வது என்பது திட்டம்.

முதல் மூன்று குறிப்புகள் நன்றாகப் போயின. மாமாவின் பஸ்ஸையே உதாரணமாக வைத்துக்கொண்டேன். மெதுவாகப் போனால் பின்னாடி வரும் ஏழு இருபத்தைந்து வண்டி வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். வேகமாகப் போகலாம் என்றால் வண்டியில் மாட்டியிருக்கிற ஸ்பீடு கவர்னர் விடாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தானே மாமா தினமும் ஓட்டுகிறார், விமானமும் அப்படித்தான் என்றேன்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல," என்றார் மாமா. எனக்கு ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

நாலாவது குறிப்பு, உயரம் கூடினால் அந்த நடு இடம் குறுகும் என்பது. அது கெடுத்தது. அப்படியென்றால் எதற்கு அவ்வளவு மேலே போகிறார்கள் என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. மெலிந்த காற்றில் தடை குறைவு, எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்றேன். பின்னாலிருந்து கண்டக்டர் இளவரசன் தலையை நீட்டினார்.

"பாத்தியாண்ணே. ஊரு உலகத்துல எல்லாரும் டீசல் மிச்சம் புடிக்கத்தான் சாவுறாங்க."

அடுத்த ஸ்டாப்பில் மாமா என் பக்கம் திரும்பினார். அந்த மூலைக்கு எவ்வளவு பக்கம் போவார்கள் என்று கேட்டார். இங்கேதான் நான் செய்தது எனக்கே விளங்கியது. பயணிகள் விமானங்கள் அந்த முனைக்குக் கிட்டத்தில்கூடப் போவதில்லை, எடை அதிகமாக இருக்கும்போது தாழ்வாகவே பறந்து எரிபொருள் தீரத் தீரத்தான் மேலே ஏறும், இரண்டு பக்கமும் நல்ல இடைவெளி விட்டுத்தான் ஓட்டுவார்கள் என்றெல்லாம் ஆங்கில மூலத்தில் தெளிவாக இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்தில் இருந்தது. வீட்டுப்பாடம் ஒரு பக்கம்தான். நான் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

அதை மாமாவிடம் சொன்னேன். "இப்ப கொண்டாந்து சேக்குற," என்றார். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

குன்னம் தாண்டியதும் ஒரு முடிவுக்கு வந்தார். பையன் ஊருக்கு வந்தால் அவருடைய வண்டியில் ஒரு ட்ரிப் வரட்டும், பக்கத்தில் உட்காரட்டும், அவர் பார்த்துக்கொள்வார். ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்று வண்டியில் வைத்துத்தான் தெரியும், கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டால் எல்லாரும் நல்லவர்கள்தான் என்றார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் வர வேண்டாம் என்று சொல்லி முடித்திருந்தார். அண்ணன் சொன்ன பிறகு அம்மா தாமதிப்பதில்லை.

21.2.2025, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தவறு இல்லாமல் இல்லை. அக்கா என் பேனாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். இது ஆபீஸ் பேனா.

இன்று ஆபீஸில் பாதி நாள் பெர்மிஷன் வாங்கினேன். பிரேம்குமார் லீவில் வந்திருக்கிறார். அக்கா போனில் சொன்னபடி மூன்று பத்து ட்ரிப்புக்குப் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு பை. போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. மாமாவைப் பார்த்து, "வணக்கம் சார்," என்றார்.

"ஏறுங்க தம்பி," என்றார் மாமா. மாப்பிள்ளை என்று சொல்லாமல் தம்பி என்று சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட்டில் அவர். பின் சீட்டில் நான். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு குறிப்புகளையும் கையில் வைத்திருந்தேன். ஆனால் மாமா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. லைசென்ஸ் எடுக்க வந்தவரை ஆபீஸர் கேட்பதுபோல அவரையே கேட்டார். எத்தனை வருஷமாக ஓட்டுகிறார், ராத்திரியில் ஓட்டுவாரா, கண் எப்படி. இரண்டு வருஷம், ஓட்டுவேன், வருஷத்துக்கு ஒரு தரம் சோதிக்கிறார்கள் என்றெல்லாம் அவர் பவ்யமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"வண்டி எவ்ளோ வெயிட்டு?"

"எழுபது டன் வரும் சார்."

எதிரே வந்த சிமென்ட் லாரி ஒன்றுக்கு மாமா வழக்கத்தைவிட மரியாதையாக வழி விட்டார்.

"மேல போனப்புறம் ஸ்டியரிங் யாரு புடிப்பா?"

"பெரும்பாலும் ஆட்டோபைலட்தான் சார். அதுவே ஓட்டும்."

"அப்ப நீங்க?"

"அது சரியா ஓட்டுதான்னு பாத்துக்கிட்டே இருப்போம்."

மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "எளவரசனும் அதான் செய்யறான்."

பஸ்ஸில் முன் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரேம்குமாரும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நாலு நாளாக உள்ளே வைத்திருந்த கேள்வி அப்போதுதான் வந்தது.

"தம்பி, மேல போறப்ப வேகம் கொறஞ்சு நின்னுடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"மூக்கைக் கொஞ்சம் கீழ இறக்கணும் சார். இறங்கினா வேகம் வந்துடும்."

"நின்னதப் பள்ளத்துல உடுவீங்க."

"ஆமா சார்."

அவர் அதை அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார். மாமாவின் பிடரியில் வேர்த்திருந்தது.

குன்னத்தைத் தாண்டினோம். இது மக்காச்சோள அறுவடை நேரம். களம் போதாதவர்கள் ரோட்டிலேயே காய வைப்பார்கள். இடது பாதி ரோடு அரைக் கிலோமீட்டருக்கு மஞ்சளாகக் கிடந்தது. வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல். மாமா எப்போதும்போல வாய்க்குள் திட்டிக்கொண்டே வலது பாதிக்கு ஒதுங்கினார். அப்போது எதிரே வளைவில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி திரும்பி, தன் பாதியில் நேராக வந்தது. அது லாரிக்காரனுடைய பாதி. மாமா சோளத்தின் மேல்தான் ஏற வேண்டும்.

அந்த நேரத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இளவரசன் படிக்கட்டில் நின்றபடி காலால் தரையை ஓங்கி மிதித்தார். பிரேம்குமார் மட்டும் இரண்டு காலையும் தரையிலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டார். காலடியில் கரப்பான்பூச்சி ஏதாவது ஓடியிருக்கும் என்று நினைத்தேன். மாமா பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பியிருப்பாரோ என்னவோ. ஒரு கல் எகிறியது, டயருக்கு அடியில் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் வந்தது, லாரி தாண்டிப் போனது, பஸ் மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ரோட்டோரத்தில் சோளம் தள்ளும் பலகையோடு நின்ற ஒரு பெரியவர் எங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டித் திட்டினார். மாமாவும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பதில் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் பிரேம்குமார் சீட்டில் பாதி உயரத்துக்குச் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, பயந்துட்டீங்களா?"

"இல்ல சார். அது எங்க பெரியப்பா."

மாமா அவரைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். "இருவத்தாறு வருஷமா இந்த எடத்துல எவன் சோளம் போடறான்னு தேடிட்டிருக்கேன்."

"நல்லுசாமின்னு பேரு சார்," என்றார் அவர். ஒளிக்கவில்லை. "ஸ்கூல் லீவுல நான்தான் கிண்டிவிடுவேன். வண்டியெல்லாம் அதுமேல எப்படிப் போகுதுன்னு பாத்துக்கிட்டே நிப்பேன். பிரேக் போட்டவன் வழுக்குவான், வெடுக்குனு ஒடிச்சவன் வயலுக்குப் போவான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேலயும் இதான் சார் கணக்கு. காத்து கம்மி, புடிமானம் கம்மி. வேகம் கூடிப்போனாலும் கொறஞ்சாலும் வெடுக்குனு எதும் செய்யக் கூடாது. குலுங்குறப்ப ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாடி ஓடக் கூடாது. சோளத்து மேல போற மாதிரியே போகணும்," என்றார்.

நான் ஆறு குறிப்பு எழுதியும் சொல்ல முடியாமல் போனது இது. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

அரியலூரில் மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"காலத் தூக்கினான் பாத்தியா? எளவரசன் எட்டு வருஷமா என் வண்டியில வரான், இன்னும் இல்லாத பிரேக்க மிதிக்கிறான். சோளத்துல மிதிக்கக் கூடாதுன்னு இவன் கால் தெரிஞ்சு வச்சிருக்கு. பையன் டிரைவர்தான் புள்ள."

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை என்று நான் தொடங்கினேன்.

"பையன் சரி. வண்டி சரியில்ல. நின்னு போற வண்டிக்கு எம் பொண்ண நான் எப்படிக் குடுப்பேன்?"

இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டேன். வேறு வண்டி மாற்றச் சொல்லலாமா என்று அப்பா கேட்டார். அக்கா அழுதாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அது கதவைச் சாத்தியதைவிட மோசமாக இருந்தது.

22.2.2025, சனி

இன்று தெரிந்துகொண்ட தவறு, போன ஞாயிற்றுக்கிழமையே செய்தது. எழுவாயை விட்டுவிட்டேன்.

நாலு மணி வகுப்பில் மிஸ் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். 'சவப்பெட்டி மூலை'க்குப் பக்கத்தில் பெரிய டிக், 'மிக நன்று'. அடுத்து, நான் இரண்டாம் முறை படித்துக்கூடப் பார்க்காத சாதாரண வரியில் சிவப்பு மையில் ஒரு வட்டம். வேகம் குறைந்தால் நின்றுவிடும் என்ற வரி. ஓரத்தில் எழுதியிருந்தார்: 'எது நின்றுவிடும்? இன்ஜினா, விமானமா, பயணமா? எழுவாய் எங்கே?'

அதைப் படித்ததும் பேனாவை மூடினேன். ஐந்து நாளாக எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூலப் பக்கத்தில் நிற்பது இறக்கை தாங்குவது. வேகம் குறைந்து மூக்கு தூக்கிக்கொண்டால் காற்று இறக்கையைப் பிடித்து ஓடாது, தாங்குவது போய்விடும், விமானம் இறங்கத் தொடங்கும். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் நின்றுவிட்டது என்றால் ஒன்றுதான். சாவியைத் திருகினாலும் வராது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். மாமா கேட்டது அது. பிரேம்குமார் பதில் சொன்னது இது. இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள், நான் நடுவில் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் மாமாவின் ஐந்து பத்து வண்டி புறப்படத் தயாராக இருந்தது. டைம் கீப்பர் விசில் ஊதிவிட்டார். ஏறினால் உட்கார்ந்து யோசித்துச் சொல்லலாம். ஆனால் யோசித்தால் குறிப்பு எழுதத் தொடங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது. டிரைவர் பக்க ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"மாமா, இன்ஜின் நிக்காது."

"எந்த இன்ஜின்?"

"பிரேம்குமார் வண்டி இன்ஜின். நான் தப்பா எழுதிட்டேன். நிக்கிறது இன்ஜின் இல்ல, றெக்க தாங்கறதுதான். அதுக்குத்தான் மூக்க இறக்கறது. இறக்கினா மறுபடி தாங்கிக்கும்."

மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "இன்ஜின் ஓடிக்கிட்டேதான் இருக்கும்?"

"ஓடிக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு இன்ஜின் மாமா."

"ரெண்டா?"

"ஒண்ணு நின்னாக்கூட இன்னொண்ண வச்சே எறக்கிடுவாங்களாம்."

டைம் கீப்பர் மறுபடி ஊதினார். மாமா அசையவில்லை. பஸ்ஸுக்குள் யாரோ, வண்டி போகுமா போகாதா என்று கேட்டார்கள்.

"ரெண்டு இன்ஜின் ஓடற வண்டிக்கா அஞ்சு நாளா நான் தூக்கமில்லாம கெடந்தேன்? இத ஒரு வார்த்த சேத்து எழுதிருக்கக் கூடாதா புள்ள?"

எழுதியிருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

ஏறி உட்காரச் சொன்னார். வண்டியை எடுப்பதற்கு முன் போனை வாங்கி, முதலில் பிரேம்குமாருக்கு அடித்தார். "மாப்ள, தர்மன் பேசறேன்," என்றார். மாப்ள. நான் கேட்டேன், இளவரசனும் கேட்டார். நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும், வரும்போது பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவரிடம் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்றார். அடுத்து அம்மாவுக்கு அடித்தார். இந்தச் சத்தத்தில் டைம் கீப்பரே வந்து கதவைத் தட்டினார். நாலு நிமிஷம் லேட். மாமாவின் வண்டி பெரம்பலூரில் லேட்டாகக் கிளம்பி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. வழியெல்லாம் கவர்னர் விட்ட அளவுக்கு ஓட்டி, அரியலூருக்குச் சரியான நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

வீட்டில் நிலைமை வேறு. பந்தல்காரர் புதன்கிழமையே வேறு வீட்டுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். சமையல்காரர் ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்தில் இருக்கிறார், நாளைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வருவாராம். அம்மா ஒன்றும் திட்டவில்லை. பெரிய பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டில் இரண்டு அடுப்பு தருகிறார்கள். முப்பத்தைந்து பேருக்கு நாங்களே சமைத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அவர் சமைத்து யாரும் பார்த்ததில்லை.

அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னும் முழுதாகப் பேசவில்லை. ஆனால் நாளை யார் யாருக்கு எங்கே இலை போடுவது என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொன்னாள். எல்லா வரியிலும் எழுவாய் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

நாளை நான் காலை ஐந்து மணிக்கு அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலை நாற்பது, வெற்றிலை இரண்டு கவுளி, மல்லிகை பத்து முழம், கத்தரிக்காய் நாலு கிலோ வாங்கிக்கொண்டு ஆறரைக்குள் வீடு திரும்ப வேண்டும்.